குட்டையன் மேலே ஏறிய நேரம்

குட்டையன் செத்து இரண்டு நாளாகியும் வேலையில்தான் இருந்தான். பதிவேடு அப்படித்தான் சொன்னது.

பிணவறை எழுத்தர் கெட்டவரில்லை. கணினித் திரையை நெட்டையன் பக்கம் திருப்பியே காட்டினார். குட்டையனின் பழைய புகைப்படம், அதன் கீழே பச்சை எழுத்தில் "பணியில் உள்ளார்", அதற்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். ஐம்பத்தொரு மணி நேரம் பதினாறு நிமிடம்.

"அம்பத்தோரு மணி நேரம் நிக்காம ஒரு ஆள் குழி வெட்டுவானாங்க?" என்று நெட்டையன் கேட்டான்.

"வெட்ட மாட்டான்ணே. ஆனா இது சொல்லுதே."

"அவன் உங்க பெட்டியில படுத்திருக்கான். நாலாம் நம்பர். நான்தான் மண்ணுக்குள்ளேர்ந்து எடுத்துட்டு வந்தேன். டாக்டர் பார்த்து எழுதிக் குடுத்திருக்காரு."

"டாக்டர் எழுதினது காகிதம்ணே. காகிதத்துல யாரு வேணாலும் எதை வேணாலும் எழுதலாம். சங்கிலிப் பதிவு அப்படி இல்ல, மாத்தவே முடியாது. வேலையில இருக்கற ஆளை நான் பொணம்னு வெளிய அனுப்பினா என் வேலை போயிடும். வேலையிடத்துக் கருவியில வெளியேறின விரல் ரேகை விழணும். விழுந்த அடுத்த நிமிஷம் நானே கதவைத் திறந்து விடறேன்."

நெட்டையன் இடது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

வெளியே நீளமான நடையில் குட்டையனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் துவைத்து மடித்த நீலச் சட்டை. கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் குட்டையனுக்கு விரல் நுனிவரை தொங்கும். வாங்கி வந்த அன்றே அவள் கையை வெட்டி மடித்துத் தைத்துவிடுவாள். போட்டு அனுப்புவதற்கென்று திங்கட்கிழமை கொண்டுவந்த சட்டை இது. இன்று புதன்.

"என்ன மாமா சொல்றாங்க?"

"இன்னும் ஒரு கையெழுத்து வேணுமாம்மா. வாங்கிட்டு வந்துடறேன்."

அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கிவிட்டான்.

அண்ணன் தம்பி இருவரும் குழாய் பதிக்கக் குழி வெட்டுகிறவர்கள். நெட்டையன் நின்றால் ஆறடிக் குழியில் தலை தெரியும். குட்டையன் நாலடியிலேயே காணாமல் போவான். பன்னிரண்டு அடியில் இருவரும் ஒன்றுதான்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் மேஸ்திரி குழி விளிம்பில் நின்று ஒவ்வொருவனாகப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "சப்பையா, ஏறிட்டியா?" "ஏறிட்டேன்." "மொட்டையா, ஏறிட்டியா?" "ஏறிட்டேன்." கடைசி ஆள் பதில் சொல்லும்வரை ஒருவனும் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுக்க மாட்டான். குட்டையன்தான் எப்போதும் கடைசி. "இன்னும் இல்ல மேஸ்திரி, ஏணியை இன்னும் ரெண்டு படி வளர்த்து அனுப்புங்க" என்பான். தினமும் இதே பதில்தான். தினமும் சிரித்தார்கள்.

போன வருடம் குழி விளிம்பில் ஒரு கம்பம் நட்டார்கள். சிமெண்ட் போட்டு, இரும்புப் பட்டை இறுக்கி, அதில் ஒரு கருவியைப் பூட்டினார்கள். காலையில் விரல் வைத்தால் உள்ளே போன பதிவு. சாயங்காலம் வைத்தால் வெளியே வந்த பதிவு. வெளியே வரும்போது ஒரு பெண்குரல் சொல்லும்: "நன்றி. பாதுகாப்பாக வெளியேறினீர்கள்." அன்றிலிருந்து மேஸ்திரி கூப்பிடுவதை விட்டுவிட்டார். எண்ணுவதற்குத்தான் கருவி இருக்கிறதே.

கருவியைப் பூட்டிய நாளில் ஒரு சிக்கல் வந்தது. இருபது வருடம் சிமெண்டும் சுண்ணாம்பும் அள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? குட்டையனின் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். கருவி பத்தையும் தள்ளிவிட்டது. பதிவு செய்ய வந்த ஆளுக்குச் சாப்பாட்டு நேரம். வரிசையில் முப்பது பேர். "யாராவது ஒருத்தர் ஒரு விரலைக் குடுங்கப்பா, பேரு மட்டும் சரியா இருந்தா போதும்" என்றான். நெட்டையன் தன் இடது கட்டைவிரலைக் கொடுத்தான். அன்றிலிருந்து வலது விரல் அண்ணன், இடது விரல் தம்பி. பாதி ஆட்களுக்கு இதே கதைதான். மூன்று பேருக்கு மேஸ்திரியின் மனைவியுடைய விரல். அவள் சாப்பாடு கொண்டுவரும் பதினோரு மணிக்குத்தான் அந்த மூவரும் வேலைக்கு வந்ததாகப் பதிவேடு சொல்லும். பொய் சொல்ல முடியாத பதிவேடு என்று அதற்குப் பெயர்.

திங்கட்கிழமை பகல் குழியின் தெற்குச் சுவர் இறங்கிவிட்டது. இடுப்பளவு ஆழம் தாண்டினாலே இருபுறமும் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். பலகை கேட்டு ஆறு நாளாகியிருந்தது. லாரி வருகிறது என்று ஆறு நாளும் ஒப்பந்தக்காரர் சொன்னார். லாரி வந்தது, மண் அள்ளிப் போக.

நெட்டையன் கடப்பாரையைத் தொடவில்லை. குத்தினால் தம்பி மேல் படும். கையால்தான் தோண்டினான்.

எடுத்துப் படுக்க வைத்தபின் யாரோ, "நெட்டையா, விரலை வைச்சிடு. இல்லாட்டி ஆஸ்பத்திரியில தகராறு பண்ணுவாங்க" என்றார்கள். அவன் கம்பத்தை நோக்கிப் போனான். மேஸ்திரி குறுக்கே வந்து கையைப் பிடித்தார்.

"வைக்காதடா. வைச்சா உன் தம்பி தானா ஏறி வெளிய போயிட்டான்னு ஆயிடும். குழி கொன்னதா எங்கயும் இருக்காது. மாத்தவும் முடியாதாம்."

அதனால் அவன் வைக்கவில்லை. அன்றே அந்தக் குழியின் பதிவேட்டு நகல் ஒன்றை அச்செடுத்து வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டான். அதில் ஒரு வரி இருந்தது: "பலகை முட்டு: பதிவு இல்லை." அந்த ஒரு வரி போதும் என்று நினைத்தான். குட்டையன் குழியில் செத்தான் என்று எழுத வேண்டும், அவனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கேட்பது இரண்டே விஷயம். இரண்டும் உண்மை. இதில் என்ன கஷ்டம் இருக்க முடியும்?

பிணவறையிலிருந்து அவன் நேரே போன கட்டடத்தின் பெயர்ப்பலகையில் "பிளாக்செயின் பொதுப் பதிவகம்" என்று இருந்தது. ஊரில் அதைச் சங்கிலி ஆபீஸ் என்றார்கள். வாசலில் பெரிய எழுத்தில் அவர்கள் கொள்கை: "இங்கே தலைவர் இல்லை. இங்கே எதுவும் அழிவதில்லை." தலைவர் இல்லாத அந்த அமைப்புக்கு ஒரு தலைமை இயக்குநரும் இரண்டு துணை இயக்குநர்களும் இருந்தார்கள். தலைமை இயக்குநரின் கார் நிற்கும் இடத்தில் வேறு வண்டி நிறுத்தக்கூடாது என்று தனிப் பலகை இருந்தது.

முகப்பில் இருந்த பெண் மனுவை வாங்கினாள், நெட்டையனின் பெயரைத் தட்டினாள், மனுவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க வேலையில இருக்கீங்களே. வேலை நேரத்துல மனு குடுக்கக் கூடாது."

"நானா? இங்கதானம்மா நிக்கறேன்."

"திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு உள்ள போயிருக்கீங்க. வெளிய வரல."

அது சரிதான். தம்பியைத் தோண்டிய கையோடு ஆஸ்பத்திரி வண்டியில் ஏறியவன் தன் வலது விரலையும் வைக்கவில்லை.

"அப்ப என்ன பண்ணணும்?"

"போய் வெளியேறிட்டு வாங்க."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்மா. என் தம்பிக்கு ஒரு வழி சொல்லுங்க. செத்துட்டான். நீங்க ஒரு தட்டு தட்டி மாத்திட முடியாதா?"

அவள் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னால முடியாது. இயக்குநராலயும் முடியாது. அதுதான் இந்தத் திட்டத்தோட பெருமையே. பதினொரு ஊர்ல பதினொரு சாட்சிப் பெட்டி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் மொத்தப் பதிவும் இருக்கும். அதுல ஆறு பெட்டி ஒத்துக்கிட்டாத்தான் ஒரு எழுத்து மாறும். பெட்டிக்கு ஒரு காப்பாளர் இருக்காரு. ஆறு காப்பாளர்கிட்ட போய் ஒப்புதல் வாங்கிட்டு வாங்க."

பதினொரு விலாசமும் ஒரு தாளில் வந்தது. நெட்டையனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆறு மனிதர்கள். காலில் விழுந்தால் இரங்காத ஆறு பேரா இருந்துவிடுவார்கள்?

முதல் விலாசம் "ஆற்றங்கரைச் சாட்சி". ஒன்றரை மணி நேரப் பேருந்து. ஒரு டயர் கடையின் மாடி. பூட்டியிருந்த கதவில் சங்கிலிப் படம் போட்ட பலகை ஆணி தளர்ந்து தொங்கியது. கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"அந்தப் பெட்டியா? மழை ஒழுகுதுன்னு எட்டு மாசம் முன்னாடியே ஹெட் ஆபீஸ்க்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. காப்பாளரா? நான்தான். சாவி என்கிட்ட இருக்கு. பலகையைத் துடைக்கச் சொல்லியிருக்காங்க. வேற ஒண்ணும் சொல்லல."

இரண்டாவது "மலையடிச் சாட்சி". ஒரு நூலகத்தின் பின்னறை. அங்கே மின்சாரம் அடிக்கடி போகிறதென்று தலைமையகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி இருந்த மேசையில் இப்போது நூலகர் சோற்றுப் பாத்திரத்தைக் காய வைத்திருந்தார். மூன்றாவது "துறைமுகச் சாட்சி". உப்புக்காற்று ஆகாதென்று மாற்றிவிட்டார்கள். காப்பாளர் என்று எழுதியிருந்தவர் இறந்து நாலு மாதமாகியிருந்தது. அவர் மகன் விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க. எங்கப்பாவும் பதிவுல இன்னும் காப்பாளராத்தான் இருக்காரு. போன மாசம்கூட நல்லா காப்பாத்தறார்னு அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு. சட்டம் போட்டு மாட்டியிருக்கேன், பாருங்க."

நெட்டையன் பார்த்தான். நல்ல கண்ணாடிச் சட்டம்.

மறுநாள் காலை மறுபடி சங்கிலி ஆபீஸ் வாசலில் நின்றான். அன்று அங்கே ஓராண்டு நிறைவு விழா. முகப்புப் பெண் பட்டுத்துணி மடிப்பதில் மும்முரமாக இருந்தாள். "விழா முடியட்டும்" என்றாள். நடையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரி, அவன் கால் சுவட்டைப் பார்த்து முதலில் எரிச்சலும், கைகளைப் பார்த்துப் பிறகு இரக்கமும் பட்டாள். இரண்டு கட்டைவிரல்களிலும் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"கையில என்னண்ணே?"

சொன்னான். முழுதும் சொன்னான், மூன்று நாளில் அதுவரை முழுதும் கேட்டவர் யாருமில்லை. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"பதினொரு ஊர் தேடிப் போனீங்களா? கொஞ்சம் இப்படி வாங்க."

இயக்குநர் அறையை ஒட்டிய சின்ன அறை. குளிர்சாதனம் உறுமியது. மர அலமாரியில் மூன்று தட்டு. தட்டுக்கு நான்காக, கடைசித் தட்டில் மூன்றாக, செங்கல் அளவில் பதினொரு கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள்: ஆற்றங்கரை, மலையடி, துறைமுகம். பதினொன்றின் வாலும் கீழே ஒரே மின் நீட்டிப்புப் பலகைக்கு வந்து, அந்தப் பலகையின் வால் சுவரில் ஒரே துளையில் நுழைந்திருந்தது. மேலே கையால் எழுதியிருந்தது: "இதைப் பிடுங்காதீர்."

"இதுதான் ஆத்தங்கரை. இது மலை. இது கடலு" என்றாள் துப்புரவுக்காரி. "தினமும் பதினொரு ஊரையும் நான்தான் தூசி தட்டறேன்."

நெட்டையன் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆறு காப்பாளர்களிடம் எப்படிப் பேசுவது என்று பேருந்தில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான். கும்பிடுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இதுங்க காதுல போய்ச் சொன்னா கேக்குமா?" என்று கேட்டான்.

"எனக்கே கேக்காதுண்ணே, இந்த உறுமல்ல."

அதற்குள் அவளை யாரோ அதட்டிக் கூப்பிட்டார்கள். விருந்தினர் நூறு பேருக்குத் தேநீர் கொதிக்க வேண்டும். அரங்கில் உள்ள துளைகளில் எல்லாம் விளக்கும் ஒலிபெருக்கியும் செருகியாயிற்று. பெரிய கொதிகலனை எங்கேயாவது செருகு என்றார்கள்.

அரங்கின் பின்வரிசையில் நெட்டையன் நின்றான். மேடைச் சுவரில் பெரிய வரைபடம், அதில் பதினொரு ஊர்களில் பதினொரு பச்சை விளக்கு. தலைமை இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நல்ல குரல்.

"நண்பர்களே, முன்பெல்லாம் ஒரு குமாஸ்தா நினைத்தால் உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்றும் செத்தவனை உயிரோடிருப்பவன் என்றும் எழுத முடிந்தது. அந்த அதிகாரத்தை நாங்கள் பிடுங்கினோம். பிடுங்கி யாரிடம் கொடுத்தோம்? யாரிடமும் கொடுக்கவில்லை. இன்று இந்த அமைப்பில் ஒரு தவறு நடந்தால், இவர்தான் பொறுப்பு என்று ஒரே ஒருவரைக்கூட உங்களால் கைகாட்ட முடியாது. இதைவிட ஒரு சாதனை உண்டா?"

கைதட்டினார்கள்.

"வெள்ளம் வரட்டும். நிலம் நடுங்கட்டும். பத்து ஊர் தரைமட்டமாகட்டும். பதினோராவது ஊரில் உங்கள் பதிவு ஒரு எழுத்துக்கூடக் கெடாமல் இருக்கும். அதைப் படிக்க மனிதர்கள் மிஞ்சுவார்களா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். அது எங்கள் துறை அல்ல என்று பணிவோடு சொன்னேன்."

மறுபடி கைதட்டினார்கள்.

"இப்போது உங்கள் கண்ணெதிரே ஒரு சோதனை. ஆற்றங்கரைச் சாட்சியை நான் அணைக்கப் போகிறேன். மற்ற பத்தும் நிற்பதைப் பாருங்கள்."

பொத்தானை அழுத்தினார். அதே நேரத்தில் பெட்டிகள் இருந்த அறையில் கொதிகலன் சூடேறத் தொடங்கியிருக்க வேண்டும். ஆற்றங்கரை அணைந்தது. மலை அணைந்தது. கடல் அணைந்தது. பதினொன்றும் அணைந்து, விளக்கும் மின்விசிறியும் அணைந்து, கடைசியாக ஒலிபெருக்கியும் போனது. எங்கோ ஏதோ கருகும் வாடை வந்தது.

இருட்டில் இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெறும் குரலில் சொன்னார்: "கவனித்தீர்களா? ஒரு சாட்சிகூடத் தனித்துப் போகவில்லை. பதினொன்றும் ஒருமனதாக முடிவெடுத்திருக்கின்றன."

பழக்கத்தில் கைதட்டினார்கள்.

ஒரு மணி நேரத்துக்கெல்லாம் மின்சாரம் வந்துவிட்டது. இயக்குநர் அறைக்குள் பொறியாளரும், ஒப்பந்தக்காரர்கள் சங்கத்திலிருந்து வந்த விருந்தினர் இருவரும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். பெட்டிகளை மறுபடி எழுப்பும் வேலை என்றார்கள். துப்புரவுக்காரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த அமைப்பில் பொறுப்பான ஒருவரை முதன்முதலாகக் கண்டுபிடித்தது அன்றுதான். அவள் தன் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெட்டையனைப் பார்த்து, "உங்க வேலை ஆச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முகப்புப் பெண் அவனைக் கூப்பிட்டுப் புது அச்சு ஒன்றை நீட்டினாள். "பதிவெல்லாம் பத்திரமா திரும்ப வந்துடுச்சு. ஒரு எழுத்து கெடல. பார்த்துக்கங்க."

நெட்டையன் எழுத்துக்கூட்டிப் படிப்பவன். விரலை வைத்து வரி வரியாக வந்தான். ஒரு வரியில் விரல் நின்றது. சட்டைப்பையிலிருந்து பழைய நகலை எடுத்து மேசையில் விரித்து, பக்கத்தில் பக்கமாக வைத்தான்.

பழையதில்: "பலகை முட்டு: பதிவு இல்லை."

புதியதில்: "பலகை முட்டு: சரிபார்க்கப்பட்டது. திங்கள், காலை 6:40."

"இது அன்னைக்கு இல்லியேம்மா."

அவள் இரண்டையும் பார்த்தாள். அவளுக்கும் முகம் கொஞ்சம் மாறியது. உள்ளே போய்விட்டு வந்தாள்.

"மின்சாரம் வந்தப்போ பதினொண்ணும் புதுசா ஒத்துக்கிச்சாம்."

"அப்ப மாத்தலாம்ல."

"மாத்தல. ஒத்துக்கிச்சு."

"குழியில பலகையே கிடையாதும்மா. ஒரு துண்டு கிடையாது. நான் உள்ள இருந்தேன்."

"உங்க காகிதம் காகிதம்தானே" என்றாள் மெதுவாக. குரலில் அதிகாரத் தோரணை இல்லை. தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் இருந்தது.

"சரி. பலகைக்கு ஒத்துக்கிட்ட மாதிரி என் தம்பி செத்ததுக்கும் ஒத்துக்கச் சொல்லுங்க. பக்கத்து அறைதானே. நாலு எட்டு."

"அதுக்கு மனு எழுதிக் குடுக்கணும். தொண்ணூறு நாள் ஆகும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எப்படியாவது ஒரு வெளியேறின ரேகை விழுந்துட்டா இன்னைக்கே விட்டுடுவாங்க. எப்படின்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் தன் இடது கையைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரி நடையில் குட்டையனின் மனைவி அதே இடத்தில் இருந்தாள். துணிப்பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கியிருந்தாள். நெட்டையன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். இந்த முறை பொய் சொல்லவில்லை. விரல் யாருடையது, அதை வைத்தால் என்ன எழுதப்படும், வைக்காவிட்டால் எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் சொன்னான்.

"வைச்சா அவன் தானா ஏறிப் போனான்னு இருக்கும். என்னைக்கும் இருக்கும். நாளைக்கு உன் பொண்ணு பெரியவளாகிப் படிச்சாலும் அதுதான் இருக்கும். குழி மேல ஒரு குத்தமும் இருக்காது."

"வைக்கலன்னா?"

"தொண்ணூறு நாள் இங்கயே கிடப்பான். அப்பவும் குடுப்பாங்கன்னு நிச்சயம் இல்ல."

அவள் பைக்குள் இருந்த சட்டையின் மடிப்பைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்:

"பலகை இருந்துச்சுன்னே எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"அப்ப அது ஏற்கெனவே பொய்தானே மாமா. பொய்யில இன்னொரு வரி. அதுக்காக அவர் ஏன் குளிர்ல கிடக்கணும்? அவருக்குக் குளிர் ஆகவே ஆகாது." பையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்ப எடுத்துக்கொண்டாள். "சட்டையை நானே போட்டு விடறேன். நீங்க போய் அவரை மேல ஏத்துங்க."

வேலையிடத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை தாண்டியிருந்தது. சரிந்த இடத்தைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, வடக்கு முனையில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் பலகை இல்லை. பதிவேட்டின்படி இருந்தது. ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்து விரலை வைத்தார்கள். "நன்றி. பாதுகாப்பாக வெளியேறினீர்கள். நன்றி. பாதுகாப்பாக வெளியேறினீர்கள்." நெட்டையனைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருவனும் தூக்கைக் கையில் எடுக்கவில்லை.

மேஸ்திரி அவன் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இந்த முறை குறுக்கே வரவில்லை.

இடது கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தான். சிவப்பு. "மீண்டும் வைக்கவும்." தோண்டியபோது உரிந்த தோல். வேட்டி நுனியில் துடைத்துவிட்டு வைத்தான். "மீண்டும் வைக்கவும்." எச்சில் தொட்டு, காய்ந்த பொருக்கை நகத்தால் எடுத்தான். கொஞ்சம் ரத்தம் கசிந்தது. அதையும் துடைத்தான். விரலை வைத்து, அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டான்.

பச்சை விளக்கு எரிந்தது.

"நன்றி. பாதுகாப்பாக வெளியேறினீர்கள்."

திரையில் குட்டையனின் பழைய புகைப்படம் வந்தது. மொத்தப் பணி நேரம் எண்பத்திரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். வெளியேறிய நேரம் மாலை ஐந்து நாற்பத்திரண்டு. பிறகு படம் மறைந்து கடிகாரம் மட்டும் நின்றது.

மேஸ்திரி கயிற்றுக்கு அருகில் போய்ச் சரிந்த மண்ணைப் பார்த்தபடி நின்றார். ஒரு வருடமாகக் கூப்பிடாத தொண்டை.

"குட்டையா, ஏறிட்டியா?"

ஏணியைப் பற்றிய பதில் வரும் நேரம் அளவுக்கு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஏறிட்டான் மேஸ்திரி" என்றான் நெட்டையன்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவன் திரும்பினான். அதற்குள் எழுத்தருக்குச் செய்தி போயிருக்கும். கதவைத் திறந்து வைத்திருப்பார். மேஸ்திரி பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டேய், உன் விரலையும் வைச்சுட்டுப் போடா. திங்கக்கிழமையிலேர்ந்து நீயும் குழிக்குள்ளயே இருக்கறதா காட்டுது."

நெட்டையன் ஒரு நிமிடம் நின்று வலது கையைப் பார்த்தான்.

"இருக்கட்டும்" என்றான்.